ஈற்றுக் கணக்கைப் பார்த்து வாங்கிய ஆறு பன்றிகள்: கடற்கரைப் பண்ணை ஒன்றின் மதிப்பீடு

சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில், பனங்காட்டின் ஓரமாக இருக்கும் வெண்பன்றி இனவிருத்திப் பண்ணை ஒன்றில், சென்ற ஆண்டு ஆனி மாதம் மூன்று மாத வயதுள்ள ஆறு பெண் குட்டிகளையும் ஓர் ஆண் குட்டியையும் வாங்கினேன். அந்தப் பெண் குட்டிகள் வளர்ந்து, சினைப்பட்டு, முதல் ஈற்றுக் குட்டிகள் பால் மறந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இனவிருத்திக்காக விற்கப்படும் குட்டியை, வாங்கிய வாரத்தில் அது கொழுகொழுவென்று இருப்பதைக் கொண்டு மதிப்பிட முடியாது. ஒரு மனக்குறையும் இருப்பதால் பண்ணையின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் என்னை அங்கே நிறுத்தியது அவர்களுடைய பதிவேடு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் வடகிழக்கு மாநிலங்களில் தென்பட்டதிலிருந்து, பொறுப்புள்ள எந்தப் பண்ணையும் வெளியாட்களைக் கொட்டிலுக்குள் விடுவதில்லை. இங்கேயும் வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்த பிறகும் அலுவலகக் கொட்டகை வரைதான் அனுமதி. தாய்ப்பன்றியை நேரில் பார்க்க முடியாத நிலையில், வாங்குபவருக்குக் கண்ணாக இருப்பது அந்தப் பதிவேடு மட்டுமே. நான் ஒரு பெரிய குட்டியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த உரிமையாளர், "அண்ணாச்சி, குட்டியப் பாக்காதீங்க, அதோட ஆத்தா கணக்கப் பாருங்க" என்று நீளமான நோட்டை விரித்து வைத்தார். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம். ஈன்ற தேதி, உயிருடன் பிறந்தவை, இறந்து பிறந்தவை, பிறப்பு எடை, ஐந்தாம் நாளில் உயிரோடு இருந்தவை, பால் மறந்தவை என்று வரிசையாகப் பத்திகள் இருந்தன.

ஐந்தாம் நாள் என்ற அந்தப் பத்திதான் இந்தப் பண்ணையின் தரத்தைக் காட்டுகிறது என்பது என் கருத்து. பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கைக்காக மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்தால் குட்டிகள் பெருகும், ஆனால் ஒவ்வொன்றின் எடையும் குறையும், காம்பு போதாது, இளைத்த குட்டி தாயின் அடியில் நசுங்கிச் சாகும். பன்றி இனத்தேர்வில் உலகுக்கே முன்னோடியான டென்மார்க்கில் இதை உணர்ந்து, 2004 முதல் பிறந்த எண்ணிக்கைக்குப் பதிலாக ஐந்தாம் நாளில் உயிருடன் இருக்கும் குட்டிகளின் எண்ணிக்கையைத் தேர்வுக்கான அளவுகோலாக வைத்தார்கள். வெயில் தாயின் பாலையே குறைத்துவிடும் நம் கடற்கரையில் அந்த அளவுகோல் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இங்கே ஒரு செய்தியை வாங்குபவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வளரும் வேகத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதமும், முதுகுக் கொழுப்பின் தடிப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேலும் பரம்பரையாக வருகிறது; ஆகவே வேகமாக வளர்ந்த ஆண் பன்றியைத் தேர்ந்தெடுத்தால் அதன் குட்டிகளில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதில் பரம்பரையின் பங்கு பத்து சதவீத அளவுதான். ஒரு தாய் ஒரு முறை பன்னிரண்டு ஈன்றது என்பதற்காக அதன் மகளை வாங்குவது ஏமாற்றத்தில்தான் முடியும். அந்தத் தாயின் பல ஈற்றுகளையும், அதன் அக்கா தங்கைகளின் ஈற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அப்படிப் பார்ப்பதற்கான கணக்கு இந்தப் பண்ணையில் இருக்கிறது என்பதற்காகவே சந்தை விலையைவிடக் குட்டிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். கொடுத்ததற்கு வருத்தமில்லை.

பெண் குட்டிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். பணியாளர் ஒவ்வொரு குட்டியையும் மல்லாத்திப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காம்புகளை எண்ணிக் காட்டினார். ஒன்றில் பதினான்கு காம்புகள் இருந்தன. ஆனால் வலப்பக்கம் மூன்றாவது காம்பின் நுனி உள்ளே குழிந்திருந்தது. அதில் பால் வராது, அதன் மகளுக்கும் அந்தக் குறை போகக்கூடும் என்று சொல்லி, நான் கேட்காமலேயே அந்தக் குட்டியைக் கறிக்கான கூட்டத்தில் சேர்த்துவிட்டார். விற்பதற்கு வந்த சரக்கை விற்பவரே ஒதுக்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி என் மனக்குறை. வாங்கிய ஆறு பெண் குட்டிகளும் லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர், லேண்ட்ரேஸ் என்ற இரண்டு வெண்பன்றி இனங்களின் கலப்பு. ஆண் குட்டி தூய லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர். வீட்டுக்கு வந்து, இரவு விளக்கடியில் குட்டிகளோடு தந்த ஏழு பரம்பரை அட்டைகளையும் பரப்பி வைத்து, அடையாளத்துக்காகக் காதில் வெட்டும் எண்களைச் சரிபார்த்தபோது, ஆண் குட்டியின் தந்தை எண்ணும் மூன்று பெண் குட்டிகளின் தந்தை எண்ணும் ஒன்றாக இருந்தன. ஒரே தந்தையின் பிள்ளைகளை இணைத்தால் பிறக்கும் குட்டிகளின் உள்இனக்கலப்பு அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு, 12.5 சதவீதம் ஆகிவிடும். ஈற்றின் எண்ணிக்கையும் குட்டிகள் பிழைப்பதும் குறையும், கலப்பினத்தால் கிடைத்த வீரியத்தின் ஒரு பகுதியும் வீணாகும். இவ்வளவு அருமையாகக் கணக்கு எழுதுகிறவர்கள், விற்கும் நேரத்தில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. மறுநாள் தொலைபேசியில் சொன்னதும் தவற்றை ஒப்புக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அதற்குப் பதிலாக ட்யூராக் என்ற வேறு இனத்தின் ஆண் குட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். ஆனால் போக வர வண்டி வாடகை என் தலையில்தான் விழுந்தது. அதை அவர்கள் ஏற்றிருக்க வேண்டும்.

மாற்றிக் கொடுத்த ட்யூராக்கால் நன்மையே விளைந்தது. கலப்பினத் தாய்க்கு மூன்றாவது இனத்தின் ஆணைச் சேர்க்கும்போது தாயின் வீரியமும் குட்டியின் வீரியமும் ஒருசேரக் கிடைக்கும். கறிக்காக வளர்ப்பவர்கள் உலகெங்கும் பின்பற்றும் முறை அது. கார்த்திகையில், மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தபோது சேர்த்தேன். ஐந்து உடனே சினைப்பட்டன. ஒன்று மட்டும் இருபத்தொரு நாளில் மீண்டும் பருவத்துக்கு வந்து, அடுத்த முறை சினைப்பட்டது. 114 நாள் கணக்குப்படி பங்குனி வெயிலில் ஈன்றன. ஆறு தாய்களுக்கும் சேர்த்து உயிருடன் பிறந்தவை 55, பால் மறந்தவை 49. இதற்கு முன் நான் வைத்திருந்த, எங்கிருந்து வந்தன என்றே தெரியாத பன்றிகளிடம் ஈற்றுக்கு ஐந்து குட்டிகளைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரு தாய் மட்டும் பதின்மூன்று ஈன்றது. அதற்குப் பன்னிரண்டு காம்புகளே இருந்ததால், பண்ணை உரிமையாளரின் யோசனைப்படி சீம்பால் குடித்த பிறகு இரண்டு குட்டிகளை, ஏழே குட்டிகள் ஈன்றிருந்த பக்கத்துக் கொட்டில் தாயிடம் மாற்றிவிட்டேன். இரண்டும் பிழைத்தன.

விற்ற பிறகும் கூப்பிட்டால் பதில் சொல்கிறார்கள். கருவாட்டுக் கழிவைக் கொடுக்கவே வேண்டாம், நம் ஊர்க் கிணற்று நீரே உப்பு, அதோடு சேர்ந்தால் குடிநீர் குறையும் நாளில் பன்றிக்கு உப்பு நஞ்சாகி வலிப்பு வரும் என்று எச்சரித்தது அவர்கள்தான். மீன் கழிவையும் அறுப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பில் மீன் வாடை ஏறிவிடும் என்றும் சொன்னார்கள். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் உடலமைப்பு இல்லை. அதிலும் வெள்ளைத் தோல் பன்றிக்கு நம் வெயில் தோலையே பொசுக்கும். ஓலைக் கூரையும் உச்சி வேளையில் தெளிக்க நல்ல தண்ணீரும் இல்லாதவர்கள் இந்தக் குட்டிகளை வாங்கக் கூடாது என்று நானே சொல்வேன்.

அப்படிப்பட்டவர்களுக்கும், உணவக மீதியை நம்பி வளர்ப்பவர்களுக்கும், சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இனம் பொருத்தமாக இருக்கும். அது முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்ஷயரும் கால் பங்கு நாட்டுப் பன்றியும் கலந்தது; நாட்டு ரத்தம் இருப்பதால் நம் தட்பவெப்பத்தைத் தாங்கும். அந்தக் குட்டிகளையும் இவர்கள் வாங்கி வைத்தால் இந்தக் கரையில் உள்ள சிறு வளர்ப்போர் பலருக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறேன்.

வருகிற புரட்டாசிக்கு இன்னும் நான்கு பெண் குட்டிகளுக்குச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். இந்த முறை ரசீதின் பின்புறத்தில் நான்கின் தந்தை எண்களையும் எழுதி, என் ட்யூராக்கோடு உறவில்லை என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.