35 வாட் காற்றுப் பம்ப்: பம்ப் சரி, கூட வரும் கற்கள் சரியில்லை

12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழம் என்று வீட்டுக்குப் பின்னால் தார்பாய்க் குளம் போட்டால் சுமார் 8,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். திலேப்பியாவோ ரோகுவோ அளவாக விட்டிருந்தால், தண்ணீருக்குள் காற்றுக் குமிழ் விட, வளர்ப்பு மீன் கடைகளில் 'ஏசிஓ' வகை என்று விற்கும் மின்காந்த பிஸ்டன் பம்ப்பில் 35 வாட் மாடலே போதும். நெருக்கமாக மீன் விட்டவர்கள் பெரியதாகத்தான் வாங்க வேண்டும்.

பெட்டியில் நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் என்று போட்டிருப்பது பம்ப் வாயில் எதுவும் மாட்டாமல் திறந்திருக்கும்போது வரும் அளவு. 3 அடித் தண்ணீருக்குக் கீழே காற்றைத் தள்ளச் சதுர சென்டிமீட்டருக்கு 0.09 கிலோ அழுத்தம் வேண்டும். குழாய் முனையில் குமிழாகப் பிரிக்க மாட்டும் கல்லும் அடைத்து அதோடு சேர்ந்தால் பாதிகூட வராது. அளந்து பார்க்க ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் குளத்துக்குள் கவிழ்த்து, குமிழை உள்ளே பிடியுங்கள். 6 வினாடியில் பாட்டில் காலியானால் அந்த முனையில் நிமிடத்துக்கு 10 லிட்டர்.

கூடவே தரும் மணல் கற்களை ஒதுக்கிவிடலாம். உப்புத் தண்ணீரில் சீக்கிரமே சுண்ணாம்பும் பாசியும் படிந்து அடைக்கும். அடைத்தால் காற்று குறைவது மட்டுமல்ல, பின்னழுத்தம் ஏறி பம்ப் கொதிக்கும், பிஸ்டன் வளையம் தேயும். இந்தப் பம்ப் சீக்கிரம் செத்துப்போகிறது என்று குறை சொல்பவர்கள் முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் நுண்துளை உள்ள கறுப்பு ரப்பர் ஏரோ ட்யூப் அதைவிட மேல். ஒரு மீட்டரை வளையமாக்கி, இரண்டு முனையையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) துண்டில் சொருகி, கிளாம்ப் போட்டு, மணல் நிரப்பிய அரை அங்குல பிவிசி குழாயில் கட்டி இறக்கினால் மிதக்காது. இப்படி இரண்டு வளையம் போதும். அடைத்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

வளையத்தை அடியில் படுக்க வைக்காதீர்கள். அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிற்கட்டும். சேறு கிளம்பினால் அதுவே இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பழைய குளமென்றால் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டி, நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

பம்ப் வாயிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும். நேராக பிவிசியை மாட்டினால் இணைப்பு இளகி நழுவும். நடுவில் ஒரு அடி சிலிக்கான் ட்யூப் கொடுங்கள். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நிழலில், மழை படாமல் வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியே பின்னால் ஏறி, பம்ப்புக்குள் இருக்கும் காயிலை (கம்பிச் சுருளை) நனைத்துவிடும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. காற்று மிஞ்சினால் எல்லாக் குழாயையும் இறுக்கி அடைக்காமல் ஒன்றை வெளியில் திறந்து விடுங்கள். எண்ணெய் மட்டும் விடவே கூடாது, இது எண்ணெயில்லாத பிஸ்டன்.

24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 0.84 யூனிட், இரண்டு மாத பில்லில் 50 யூனிட். சிக்கனம் பார்ப்பவர்கள் பகலில் நிறுத்தலாம். இரவு 10 முதல் காலை 7 வரை நிறுத்தக் கூடாது. பாசியும் செடியும் இரவில் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும், மீன் மேலே வந்து வாய் பிளப்பதும் அப்போதுதான். 30 டிகிரித் தண்ணீர் முழுசாகக் கரைத்து வைத்திருப்பதே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம். இன்வெர்ட்டரில் மாட்டுவதென்றால் சைன் வேவ் வகை இன்வெர்ட்டராகப் பாருங்கள்; ஸ்கொயர் வேவ் வகையில் பம்ப் உறுமி, சூடேறும்.

சத்தம்தான் பெரிய குறை. சுவரில் ஆணியடித்து மாட்டினால் படுக்கையறை வரை கேட்கும், அடியில் பழைய டயர் துண்டு போட்டால் கொஞ்சம் அடங்கும். சத்தமே ஆகாது என்பவர்கள் டயஃப்ரம் பம்ப்புக்குப் போகலாம், விலை கூடுதல். குஞ்சுப் பருவம் தாண்டிய விரால் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இரண்டுமே அவசரமில்லை, அது மேலே வந்து தானாகவே மூச்சு வாங்கிக்கொள்ளும்.