டோக்கன் முப்பத்தொன்றும் காலை ஒன்பது மணி மீட்டிங்கும்

இரவு ஏழே முக்கால். கும்பகோணத்தில் ஒரு குழந்தை டாக்டர் கிளினிக். வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. உள்ளே போய்க்கொண்டிருப்பது பதினொன்றாம் நம்பர், கையில் இருப்பது முப்பத்தொன்று. தோளில், தடுப்பூசிக்கு வந்த நாலு மாதக் குழந்தை. காதில் மாட்டிய இயர்பட்ஸில் நியூ ஜெர்சியின் காலை பத்தே கால். "பதினொண்ணு, பன்னெண்டு உள்ள வாங்க! பதிமூணு ரெடியா நில்லுங்க!" என்று கம்பவுண்டர் போடும் சத்தம், மியூட் போட மறந்த ஒரு விநாடியில் மொத்த டீமுக்கும் கேட்கும். பதிமூணு யார் என்று மேனேஜர் கேட்காமல் விட்டால் பெருந்தன்மை.

விடுமுறை தீர்ந்துபோய், அமெரிக்காவிலிருந்து லேப்டாப்போடு ஊருக்கு வந்து இரண்டு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கும் அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி ஒரு முறையாவது வரும். கணக்கு அப்படி. கோடையில் நியூ ஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி மீட்டிங் என்றால் இங்கே மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதால் அதே மீட்டிங் 7.30. ஊர் கிளினிக்கின் மாலை நேரம் ஆறிலிருந்து ஒன்பது. ஒன்றின் மேல் ஒன்று அச்சு அசலாகப் பொருந்தும். கலிஃபோர்னியாக்காரர்கள் பிழைத்தார்கள், அவர்களுக்கு 9 மணி என்பது கோடையில் இங்கே இரவு 9.30.

டோக்கன் முறை தெரிந்ததுதான், ஆனால் பழைய ஞாபகத்தை நம்பிப் போனால் ஏமாற்றம். நோட்டு நாலு மணிக்குத் திறக்கும், போனிலும் பேர் கொடுக்கலாம் என்பார்கள். நாலு மணிக்கு அடித்தால் லைன் பிசி. நாலே காலுக்குக் கிடைக்கும்போது நம்பர் இருபதைத் தாண்டியிருக்கும். முதல் பத்துப் பேர் மூன்றே முக்காலுக்கே நேரில் வந்து நின்றவர்கள், அல்லது பக்கத்து மெடிக்கல் பையனிடம் சொல்லி வைத்தவர்கள். ஆகவே போனை நம்பாமல் வீட்டிலிருந்து ஒருவரை நேரில் அனுப்புவதே வழி. போர்டில் 6 மணி என்று இருந்தாலும் டாக்டர் வர ஏழு ஆகும். அது அலட்சியம் இல்லை. பகலில் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் அது முடிந்துதான் சொந்த கிளினிக்குக்கு வர முடியும், வருகிற வழியில் ஏதாவது நர்சிங் ஹோமில் பிறந்த குழந்தையையும் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலே முப்பத்தொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். நடுவில் ஜன்னி வந்த குழந்தை ஒன்று நேராக உள்ளே போகும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரிய பையோடு இரண்டு மெடிக்கல் ரெப்கள் போவார்கள், அதற்கு மட்டும் எல்லாரும் முணுமுணுப்பார்கள்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 10.20 அப்பாயிண்ட்மென்ட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய், படிவம் நிரப்பி, நர்ஸ் எடை பார்த்து, குளிரும் அறையில் காகிதம் விரித்த மேசை மேல் குழந்தையைக் கிடத்தி, டாக்டர் கதவைத் தட்டும்போது பத்தே முக்கால் தாண்டும். ராத்திரி காய்ச்சல் என்று அழைத்தால் நர்ஸ் லைன். இங்கே டாக்டரே தன் செல் நம்பரைக் கொடுத்து "ராத்திரி அனத்தினா கூப்பிடுங்கம்மா" என்கிறார், கூப்பிட்டால் எடுக்கவும் செய்கிறார். ஆனால் அங்கே போட்ட ஊசி அன்று மாலையே போனில் தெரியும். இங்கே அட்டைதான் எல்லாம். அந்த அட்டையில்தான் வினையும்.

அதற்கு முன்னால், எந்த நாளில் ஊசி போடுவது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோட்டில் பேர் எழுதும்போதே "ஊசிக்கு மட்டும்தான், உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லுங்கள். பல இடங்களில் ஊசிக் குழந்தைகளைக் காய்ச்சல் கூட்டத்தோடு உட்கார வைக்காமல் தனி நேரம் தருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். சனிக்கிழமை காலை ஓ.பி. இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனி காலை 10 மணி என்பது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. திங்கள் மாலை வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் வந்து போய்விடும் என்பதால், அந்த அனத்தலும் வார இறுதிக்குள் முடியும். செவ்வாய் மாலை ஊசி போட்டுவிட்டு அன்று இரவே ரிலீஸ் மீட்டிங்கில் உட்காருவது வேண்டுமென்றே வாங்கிக் கட்டிக்கொள்வது.

காய்ச்சல் வருமா வராதா என்பது, "வலி ஊசியா, வலி இல்லாத ஊசியா?" என்று சிஸ்டர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான பகுதியில். அந்தக் கிருமியின் முழுச் செல்லும் இருந்தால் வலி ஊசி: தொடை வீங்கும், காய்ச்சல் அதிகம். செல்லின் தேர்ந்தெடுத்த துணுக்குகள் மட்டும் இருந்தால் வலி இல்லாதது என்று பேர், அழுகை என்னவோ இரண்டுக்கும் உண்டு. அமெரிக்காவில் இரண்டாவது வகை மட்டுமே புழக்கத்தில் இருக்கிறது. அங்கே வலி ஊசியை ஏற்க மாட்டார்கள் என்று உறவினர்கள் கிளப்பும் பயம் தேவையில்லை, அதுவும் கணக்கில் சேரும். அம்மை குத்தின தழும்பு கையில் இல்லையே என்று பாட்டிகள் பதறுவதும் தேவையில்லாதது. அவர்கள் தேடும், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவதே இல்லை.

இனி அட்டை. சிஸ்டர் வேகமாக எழுதுவார்: "பென்டா 2", பக்கத்தில் "05/06", கீழே ஒரு சுழி. நமக்கு அது ஜூன் 5. நியூ ஜெர்சி நர்ஸுக்கு மே 6. முதல் ஊசியை அங்கே ஏப்ரல் 15 அன்று போட்டிருந்தால் உண்மையான இடைவெளி 51 நாள். அவர் கணினியில் ஏற்றியதும் அது 21 நாளாகிவிடும். இரண்டு தவணைக்கு நடுவில் குறைந்தது நாலு வாரம், அதில் நாலு நாள் சலுகை, அதாவது 24 நாளுக்குக் குறைந்தால் கணக்கில் வராது. திரையில் அந்தத் தவணை செல்லாது என்று வந்து நிற்கும், குழந்தை மறுபடி ஒரு குத்து வாங்கும். வாயால் சொல்வதை ஏற்க மாட்டார்கள், தேதியோடு எழுத்தில் வேண்டும். மாதத்தை எண்ணில் எழுதாமல் ஆங்கிலத்தில் பெயராக எழுதச் சொன்னால் தீர்ந்தது. "தேதி சரியாத்தானேக்கா எழுதிருக்கேன்?" என்று சிஸ்டர் முகம் சுருங்கும். "சரிதான் சிஸ்டர், அங்க உள்ளவங்களுக்குத்தான் மாத்திப் படிக்கிற பழக்கம்" என்று பழியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் சிரித்துக்கொண்டே எழுதித் தருவார்.

"பென்டா" என்ற சொல் அதைவிட மோசம். இங்கே பென்டா என்றால் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி) என்ற ஐந்தும். போலியோ கிடையாது. அங்கே பென்டாசெல் என்ற ஊசியிலும் ஐந்துதான், ஆனால் அதில் போலியோ உண்டு, ஹெபடைடிஸ் பி கிடையாது. வெறுமனே பென்டா என்று எழுதிய அட்டையைப் பார்த்தால் அங்குள்ளவர் போடாத போலியோவுக்கு டிக் அடித்துவிட்டு, போட்ட ஹெபடைடிஸ் பி-யை விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. வாயில் விடும் போலியோ சொட்டையும் நம்பி உட்கார முடியாது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தில் மூன்றில் இரண்டு வகைக் கிருமிக்கே பாதுகாப்பு இருப்பதால் அமெரிக்கக் கணக்கில் அது சேராது. முகாமில் இரண்டு சொட்டு விட்டால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் போலியோ ஊசி தனியாகவோ, ஆறும் சேர்ந்த ஹெக்ஸாவிலோ போட்டதாக அட்டையில் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டுக்கும் பிராண்ட் பெயர் அவசியம். ரோட்டாரிக்ஸ் இரண்டு தவணை, ரோட்டாடெக்கும் நம்ம ஊர் ரோட்டாவாக்கும் மூன்று. எது கொடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் மூன்றாகவே எண்ணுவார்கள். மருந்துக் குப்பியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டித் தரச் சொன்னால் பிராண்ட், பேட்ச் நம்பர் இரண்டும் ஒரே வேலையில் முடியும். குப்பி குப்பைத்தொட்டிக்குள் போவதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி ஊரில் இருக்கும்போது வந்தால் தாராளமாகப் போடலாம். முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்டதை அங்கே இரண்டு தவணையில் ஒன்றாக எண்ண மாட்டார்கள் என்று தெரிந்தே போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கா திரும்பும் சமயத்தில் போடுவதாக இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு: இதற்கும் அங்கே போடப்போகும் சின்னம்மை ஊசிக்கும் நடுவில் 28 நாள் ஓட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி இலவசம், நர்ஸம்மா அட்டை எழுதுவதும் பெரும்பாலும் தனியார் கிளினிக்கைவிடச் சுத்தம். அடுத்த புதன் வாங்க என்று அங்கே திருப்பி அனுப்பினால் கோபப்படுவதற்கு முன்னால் காரணம் தெரிந்திருக்கட்டும்: பி.சி.ஜி., தட்டம்மை மருந்துகளில் ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு இருக்கும், கரைத்தபின் நாலு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குழந்தைக்காகத் திறக்கத் தயங்குவார்கள். குப்பி மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். உள் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று பொருள். காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

சனி இரவு காய்ச்சல் வந்தால் கை போவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பாட்டிலுக்கு, அது காலியானால் தெருமுனை மெடிக்கலுக்கு. அசெட்டமினோஃபென் என்பதும் பாராசிட்டமால் என்பதும் ஒன்றே. அடர்த்திதான் வேறு. அங்கத்திய குழந்தை மருந்தில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 32. இங்கே சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லியிலேயே 100. ஏழு கிலோ குழந்தைக்கு, கிலோவுக்குப் பத்து வீதம் 70 மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னால், அங்கத்திய பாட்டிலில் அது 2.2 மில்லி, இங்கத்திய சொட்டில் 0.7 மில்லி. பழைய ஞாபகத்தில் 2.2 மில்லி சொட்டைப் புகட்டினால் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். தூக்கக் கலக்கத்தில், ஒரு காதில் மீட்டிங் ஓடும்போது இது நடக்க அதிக நேரம் ஆகாது. பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது மருந்தோடு வந்த டிராப்பரை மட்டும் வையுங்கள். எடையை டாக்டரிடம் கிலோவில் சொல்லுங்கள். பதினைந்து பவுண்ட் என்றால் 6.8 கிலோ. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் மருந்துக் கணக்கு எதுவும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கலில் கூடவே நீட்டும் சளி சிரப்பையும் வாங்காதீர்கள். குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடச் சொல்லி 2023 டிசம்பரில் உத்தரவு வந்திருக்கிறது.

ஆபீஸ் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விமானம் ஏறுவதற்கு முன்னால் கேலண்டரில் ஊசித் தேதிகளை அடைத்துவிடுங்கள், காரணம் எழுதத் தேவையில்லை. அந்த வாரங்களில் தினசரி ஸ்டாண்டப் மீட்டிங் அப்டேட்டை எழுத்தில் தருகிறேன் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வைத்தால் பாதித் தொல்லை தீரும். அங்கிருந்து கேட்டால் சரி என்பவர்கள், கிளினிக் வாசலிலிருந்து கேட்டால் இழுப்பார்கள். நியூ ஜெர்சியில் 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் வீதம், வருடத்துக்கு 40 மணி நேரம் வரை சம்பளத்தோடு சிக் லீவ் சட்டப்படி உண்டு. குழந்தையின் தடுப்பூசி போன்ற முன்தடுப்பு மருத்துவத்துக்கும் அது செல்லும். இது தெரியாமல் அரை நாள் அரை நாளாக வருட விடுப்பைக் கரைப்பவர்களே அதிகம். கிளினிக் வராந்தாவில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆபீஸ் நெட்வொர்க்குக்கான வி.பி.என். பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக முத்திரை. ஸ்டிக்கர் ஒட்டி, மாதத்தைப் பெயராக எழுதி, பென்டாவைப் பிரித்து எழுதி வாங்கிய பிறகும் டாக்டர் கையெழுத்தும் சீலும் விட்டுப்போகும். சீல் இருப்பது டாக்டர் மேசை டிராயரில், சாவி அவர் சட்டைப் பையில். ஒன்பதரைக்கு அவர் ஸ்கூட்டரை எடுத்துவிட்டால் "நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்பார் கம்பவுண்டர். நாளைக்குச் சாயங்காலம் என்றால் அங்கே காலை ஒன்பது. ஆகவே ஊசி குத்தும்போதே அட்டையை மேசை மேல் விரித்து வையுங்கள். சீல் வாங்கியதும் மடிக்காமல் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, மசி காய்ந்த பிறகு பைக்குள் வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் டாக்டரின் பதிவு எண் எதிர்ப்பக்கத்துத் தேதி மேல் அப்பிக்கொள்ளும்.