பண்டமாற்றுச் செயலியில் 28,500 போச்சு: பொருள் மாற்றுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ளும் செயலி ஒன்றில் 28,500 போய்விட்டது. கேமரா 22,000 பெறும், அதற்கு மேல் ரொக்கமாக 6,500. செயலியின் பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைப்பார்கள், அதனால் போடவில்லை. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சின்னதைக் கொடுத்துப் பெரியதாக மாற்றிக்கொண்டே போகும் ஆட்டம் தெரியும்தானே? மேசை விளக்கில் ஆரம்பித்தேன். விளக்கு ஹெட்போன் ஆனது, ஹெட்போன் கிதார் ஆனது, கிதார் கேமரா ஆனது. எல்லாம் நேரில் தொட்டுப் பார்த்து, கைக்குக் கை மாற்றியவை. அடுத்தது லேப்டாப். இந்த ஆள் வந்து சேர்ந்தது அங்கேதான்.

தேன் ஒழுகப் பேசினான். கைல் மெக்டொனால்ட் கதையை எனக்கே சொன்னான். 2005 ஜூலையில் ஒரு சிவப்புப் பேப்பர் கிளிப்பில் தொடங்கி, ஒரே வருடத்தில், 14 மாற்றங்களில், கிப்ளிங் என்ற சிற்றூரில் வீடு வரை போன கனடாக்காரர். நடுவில் அவர் பாடகர் ஆலிஸ் கூப்பருடன் கழிக்கும் ஒரு மதியப் பொழுதைக் கொடுத்துவிட்டு, பனி பறக்கும் கண்ணாடி உருண்டை ஒன்றை வாங்கினார். பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் நடிகர் கார்பின் பெர்ன்சன் அந்த உருண்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். அதற்குப் பதிலாக ஒரு சினிமா வேடத்தையே கொடுத்தார். அந்த வேடத்துக்குத்தான் வீடு கிடைத்தது. "யாருக்கு எது தேவையோ அதுக்குத்தாங்க மதிப்பு. என் பொண்ணு போட்டோகிராபி படிக்கிறா, லேப்டாப் சும்மா கிடக்குது" என்றான். கதையும் உண்மை, காரணமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். வீடியோ அழைப்பில் லேப்டாப்பை ஆன் செய்து, அடியில் இருந்த சீரியல் எண் வரை காட்டினான். மதிப்பு வித்தியாசத்துக்கு 6,500. இருவரும் ஒரே நாளில் கூரியர் போடுவதாகப் பேச்சு.

பெட்டி வந்தது. எடையும் சரியாகவே இருந்தது. ஓடிபி சொன்ன பிறகுதான் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால், அடி மூடியில் பாதி திருகுகள் இல்லை. இருந்தவற்றின் தலையும் மழுங்கியிருந்தது. மூடியைக் கழற்றினால் மதர்போர்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. எடைக்காகத் தகரத் துண்டுகளை டேப் போட்டு ஒட்டியிருந்தான். சீரியல் எண் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தான். வேலை சுத்தம்!

அப்புறம் தொடங்கியது அலைச்சல். அவன், "அனுப்பும்போது நல்லாத்தான் இருந்தது, கூரியரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டான். கூரியரில், "ஓடிபி கொடுத்துட்டீங்களே சார்." வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம்தானே." செயலிக்காரர்கள் இருவரை அறிமுகம் செய்வதோடு அவர்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். அவர்களுடைய புகார்ப் படிவத்தில் 'பரிவர்த்தனைத் தொகை' கட்டாயம். 0 என்று போட்டால் ஏற்கவில்லை. 28,500 போட்டால் ரசீது கேட்கிறது. மாற்றிக்கொண்ட பொருளுக்கு ஏதுங்க ரசீது? 6,500க்காவது வங்கிக் கணக்கில் தடம் இருக்கிறது, கேமரா போனதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பொருள் மாற்றத்துக்கென்றே செயலி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 'தீர்க்கப்பட்டது' என்று போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். 28,500 யாருக்குத் தீர்ந்தது?

சரி, விரிவாக எழுதப் பொறுமை இல்லை. முகம் பார்க்காமல் மாற்றாதீர்கள். கூரியர் என்றால் வேண்டவே வேண்டாம். மேலே பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எதை எதற்கு மாற்றுகிறீர்கள், இரண்டுக்கும் என்ன மதிப்பு என்று சீரியல் எண்ணோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. அவன் கணக்கை இன்னும் எடுக்கவில்லை. கழுத்துப் பட்டை மாட்டும் வளையத்துக்குக் கீழே நீளமாகக் கீறல் உள்ள கருப்புக் கேமராவை யாராவது மாற்றக் கேட்டால், அது என்னுடையது. பேசிக்கொண்டே இருங்கள், உடனே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.