தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

கடலூர் வர்றவங்க நிறைய பேரு சில்வர் பீச்ச பாத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க, அதே தேவனாம்பட்டினத்துல கெடிலம் ஆறு கடல்ல சேர்ற பக்கமாத்தான் செயின்ட் டேவிட் கோட்டையும் இருக்கு. ஆனா செஞ்சி மாதிரியோ தரங்கம்பாடி மாதிரியோ நெனச்சுட்டு போகாதீங்க, இங்க மிச்சம் இருக்கறது இடிஞ்ச சுவரும் அது மேல படர்ந்த செடி கொடியும்தான். டிக்கெட், கைடு, மியூசியம் எதுவும் கிடையாது.

அப்புறம் ஏன் போகணும்? என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டு போனா அந்த இடம் வேற மாதிரி தெரியும். 1690ல மராட்டியர்கிட்டேருந்து கிழக்கிந்திய கம்பெனி வாங்குன கோட்டை இது, அப்ப மெட்ராஸ் கவர்னர் எலிஹூ யேல். ஒப்பந்தம் எப்படின்னா, கோட்டைலேருந்து நாலா பக்கமும் பீரங்கி சுடணும், குண்டு எதுவரைக்கும் போய் விழுதோ அதுவரைக்கும் இருக்கற ஊரெல்லாம் கம்பெனிக்கு! பக்கத்துல இருக்கற குண்டு உப்பலவாடிங்கற ஊர் கூட அந்த கணக்குலதான் வருதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. பசங்கள கூட்டிட்டு போனீங்கன்னா இத அங்க நின்னு சொல்லுங்க, என் பையன் குண்டு எங்க விழுந்திருக்கும்னு தேட ஆரம்பிச்சுட்டான்.

1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸ புடிச்சதும் தென்னிந்தியால இங்கிலீஷ்காரங்களுக்கு தலைமையிடமே இதுதான், 1752 வரைக்கும். அப்ப கம்பெனில எழுத்தரா இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேஷம் போட்டுகிட்டு மெட்ராஸ்லேருந்து தப்பிச்சு ஓடி வந்தது இங்க, 1756ல இதே கோட்டைக்கு கவர்னரா வந்தாரு, அடுத்த வருஷமே வங்காளத்துல அவரு ஜெயிச்ச பிளாசி சண்டை. பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படை அனுப்பி பாத்தும் புடிக்க முடியல, கடைசில 1758ல பிரெஞ்சு தளபதி லாலி முற்றுகை போட்டு புடிச்சு இடிச்சுத் தள்ளிட்டாரு. அதுக்கு பதிலடியா 1761ல இங்கிலீஷ்காரங்க பாண்டிச்சேரிய புடிச்சு அங்க இருந்த கோட்டைய தரைமட்டமாக்கிட்டாங்க. கடலூர்லயும் பாண்டிலயும் முழுசா ஒரு கோட்டை கூட இல்லாம போனதுக்கு இதான் காரணம், அந்த இடிஞ்ச செங்கல்ல பாக்கும்போது எனக்கு உண்மையாவே மனசு கனத்துச்சு.

போறவங்க காலைலயே போயிடுங்க, நிழல் கம்மி. ஷூ போட்டுக்கோங்க, புதர் நிறைய இருக்கு, மழை சீசன்ல வேண்டாம். வழி தெரியலன்னா பக்கத்துல இருக்கற மீனவர் அண்ணன்மார்கிட்ட கேளுங்க, நல்லா சொல்லுவாங்க, யாரோட இடத்து வழியாவாவது போக வேண்டி வந்தா அவங்கள கேட்டுட்டு போங்க. சுவர் மேல ஏறவே ஏறாதீங்க, செங்கல் பிடிமானம் இல்லாம இருக்கு, பேரு கிறுக்கறதும் வேணாம் தயவுசெஞ்சு.

இவ்ளோ நடந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல விவரமா ஒரு நல்ல போர்டு வைக்கணும், சுத்தி இருக்கற புதர வெட்டி வேலி போடணும், அது போதும், கோட்டைய திரும்ப கட்ட சொல்லல. அங்கேருந்து மஞ்சக்குப்பம் வந்தா கவர்னருங்க தங்குன கார்டன் ஹவுஸ் இன்னும் நிக்குது, ரொம்ப நாள் கலெக்டர் பங்களாவா இருந்தது, அதையும் சேர்த்து பாத்துடுங்க, இல்லன்னா பாதி கதைதான் பாத்த மாதிரி இருக்கும்.

கதைக்காக 5க்கு 5, பராமரிப்புக்கு 1. பாண்டிலேருந்து வர்றவங்களுக்கு பஸ்ஸு அடிக்கடி இருக்கு, அரை நாள் ஒதுக்குனா போதும்.