அரிசி தீட்டலைக் கணிக்க லிக்ட்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அணு, மூலக்கூறு அசைவைக் கணிக்கும் லாம்ப்ஸ் (LAMMPS) நிரலிலிருந்து கிளைத்த திறமூல மென்பொருளான லிக்ட்ஸ் (LIGGGHTS), ஒவ்வொரு அரிசியையும் தனித் துகளாகக் கணக்கிடுகிறது. தீட்டும் எந்திரத்தின் உருளை வேகத்தையோ வெளிவாயின் அழுத்தத்தையோ மாற்றினால் உரசல் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதை நம்பிக் கேட்கலாம். எத்தனை சதவீதம் தவிடு போகும் என்ற கேள்விக்கு அது தரும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதில் உள்ள ஃபின்னி தேய்மானக் கணக்கு சுவர்களுக்கானது. எமரி என்ற சொரசொரப்பான கல் பூசிய உருளையும் சல்லடையும் எங்கே தேயும் என்று காட்டும். அந்தக் கணக்கில் அரிசி தேயாது, அளவும் குறையாது. அரிசிக்கு ஆர்ச்சர்டு விதியை நாமே சேர்க்க வேண்டும்: தேய்மானக் கெழு, செங்குத்து விசை, சறுக்கிய தூரம் மூன்றையும் பெருக்கிக் கடினத்தன்மையால் வகுத்தால் இழந்த கன அளவு கிடைக்கும்.

இதைக் கணிப்பு ஓட்டம் முடிந்த பிறகு சேமித்த கோப்புகளிலிருந்து கணக்கிடப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அது சரிவராது. 1 மி.மீ. ஆரம், கன மீட்டருக்கு 1450 கிலோ அடர்த்தி, 375 மெகாபாஸ்கல் யங் குணகம் (விறைப்பின் அளவு), 0.25 பாய்சான் விகிதம் (அழுத்தும்போது பக்கவாட்டில் விரியும் அளவு) என்று வைத்தால் ராலே நேரம், அதாவது துகளின் மேற்பரப்பை ஓர் அலை கடக்கும் நேரம், சுமார் 10.7 மைக்ரோநொடி. அதில் 20 சதவீதம், அதாவது 2.1 மைக்ரோநொடி, காலப்படி: கணக்கு ஒவ்வொரு படியிலும் முன்னேறும் நேரம். நொடிக்கு 1 மீட்டரில் நடக்கும் ஒரு மோதல் 40 மைக்ரோநொடிக்குள், இருபது படிகூட ஆகாமல் முடிந்துவிடும். 1000 படிக்கு ஒருமுறை சேமித்தால் பெரும்பாலான மோதல்கள் கோப்பிலேயே இருக்காது. மூலநிரலில், விசை கணக்காகும் இடத்திலேயே, ஒவ்வொரு படியிலும் சறுக்கலைக் கூட்டி அந்தந்தத் துகளின் பெயரில் வைக்க வேண்டும்.

கூட்டும்போது, தொடும் பரப்பின் வாக்கில் செயல்படும் தொடுவிசை உராய்வு எல்லையை எட்டிய படிகளை மட்டும் எடுங்கள். எட்டாதபோது தெரியும் அசைவு, தொடுமிடத்தில் மென்பொருள் வைக்கும் கற்பனை வில்லின் (ஸ்பிரிங்) மீள்நீட்சிதான். அதையும் சேர்த்தால், நெரிசலில் சிக்கி நகராமல் அதிரும் அரிசி எல்லாவற்றையும்விட நன்றாகத் தீட்டப்பட்டதாகத் தெரியும்.

வேகத்துக்காக யங் குணகத்தை 10 மெகாபாஸ்கலுக்கு இறக்கினால் காலப்படி 13 மைக்ரோநொடியாகும்; ஓட்டம் ஆறு மடங்கு சுருங்கும். தளர்வாக விழும் ஊட்டுவாய்க்கு இது போதும். தீட்டும் அறைக்கு ஆகாது. 1 மி.மீ. ஆரமுள்ள இரு கோளங்களை 0.1 நியூட்டன் அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்று 0.07 மி.மீ. புதையும், ஆரத்தில் 7 சதவீதம். உண்மையில் கொள்ளாத அளவு அரிசி அறைக்குள் அடைந்துவிடும். 375 மெகாபாஸ்கலில் அதே புதைவு 1 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது. வெளிவாய்ப் பக்கம்தான் அழுத்தம் அதிகம், அங்கேயே புதைவைச் சோதியுங்கள்.

அரிசியின் வடிவத்துக்குப் பல கோளங்களைக் கோத்து ஒரு மணியாக்குவது எளிது. ஆனால் கோளங்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, நாம் கொடுக்காத உராய்வைச் சேர்க்கும். ஒரே சமன்பாட்டால் நீளுருண்டை போல வரையும் சூப்பர்குவாட்ரிக் வடிவம் கணக்கிட மெதுவானது, ஆனால் மேற்பரப்பு வழவழப்பானது. தேய்மானத்துக்கு எங்கள் தேர்வு அதுதான்.

உராய்வுக் கெழுவைக் குவியலின் சாய்வுக் கோணத்தை மட்டும் வைத்துப் பொருத்தாதீர்கள். சறுக்கு உராய்வைக் குறைத்து உருள் உராய்வைக் கூட்டினாலும் அதே கோணம் வரும், தேய்மானமோ வேறாக வரும். சுழலும் உள்ளீடற்ற உருளைக்குள் அரிசியைப் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

தேய்மானக் கெழுவும் ஒன்றல்ல. தவிட்டு அடுக்கு மென்மை, உள்ளே மாவுப்பகுதி கடினம். எடையிழப்பு முதலில் வேகமாக ஏறி, பிறகு தட்டையாகும். கழன்ற ஆழத்துக்கேற்பக் கெழு மாற வேண்டும். ஈரப்பதம் மாறினால் சோதனை ஆலையில் நேரவாரியாக எடை பார்த்து மறுபடி பொருத்த வேண்டியதுதான். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வித்தியாசம் நிற்கும்: அரிசியின் மேல் நீளவாக்கில் ஓடும் வரிப்பள்ளங்களில் தவிடு தங்கிவிடும், வழவழப்பான வடிவத்தில் அந்தப் பள்ளமே கிடையாது. அதனால் ஆலை அரிசியோடு ஒப்பிடும்போது எடையோடு சேர்த்து, சாயமேற்றிய மணிகளின் படத்தையும் பாருங்கள்.