கணக்குப் பிரிவில் ஏஐ உதவியாளர்: நீண்ட நாள் அனுபவம்

மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல், வரும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்குள் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் எக்செலில் ஒப்பிட்டு முடிப்பது என் பொறுப்பு. கணக்கு எனக்குப் பழகிய விஷயம். எக்செல் முரண்டு பிடித்தால்தான் தலை கனத்துவிடும். அந்த நேரங்களில் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று ஏதாவது ஒன்றிடம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஒரு தடவை, சப்ளையரின் ஜிஎஸ்டி எண் இரண்டு ஷீட்டிலும் கண்ணெதிரே இருந்தும், ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் விலுக்கப் ஃபார்முலாவைப் போட்டால் 'என்ஏ' (கிடைக்கவில்லை) என்றே வந்தது. கூடுதல் இடைவெளிகளை நீக்கும் டிரிம் போட்டும் அதே கதை. நடந்ததை அப்படியே எழுதி ஏஐயிடம் கேட்டேன். லென் போட்டு எழுத்துகளை எண்ணிப் பார்க்கச் சொன்னது. 15 வரவேண்டிய இடத்தில் 16 வந்தது. இணையப் பக்கத்திலிருந்து காப்பி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளுமாம். அதன் குறியீடு 160. சாதாரண இடைவெளிக்கு 32. டிரிம் 32-ஐ மட்டும்தான் நீக்கும். சப்ஸ்டிடியூட் போட்டு 160-ஐ எடுத்ததும் வரிகள் பொருந்திவிட்டன.

காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடுகிறது. தேதிப் பத்தி முழுக்க 45292, 45293 என்று மாறிப்போனால் முன்பெல்லாம் ஃபைலே கெட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கும். 2024 ஜனவரி 1-ஐ எக்செல் உள்ளே 45292 என்றுதான் வைத்திருக்கிறது, ஃபார்மட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று இப்போது தெரியும். அப்புறம், ஒரே சந்தேகத்தை நாலாவது முறை கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலை நெருக்கும் நாட்களில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்து பழகியவர்களுக்குப் புரியும்.

குறைகளும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் இருப்பது எக்செல் 2016. அதில் விலுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் கிடையாது. பதிப்பைச் சொல்லாமல் கேட்டால் பெரும்பாலும் அதையே எழுதித் தருகிறது. போட்டால் 'நேம்' பிழை. இல்லாத மெனுவைக்கூட இருப்பதாகச் சொல்லும். இன்னொன்று, பத்துப் படிகளை ஒரே மூச்சில் கொட்டும். அதைப் படித்தாலே திரும்பவும் படபடப்பு. "ஒரு படி மட்டும் சொல், செய்துவிட்டு வருகிறேன்" என்று முதலிலேயே எழுதிவிடுவேன். இந்த ஒரு வரியைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்வேன்.

நிஜ ஜிஎஸ்டி எண், வங்கி விவரம், கடவுச்சொல், ஓடிபி எதையும் அதில் போடுவதில்லை. மாதிரி எண்களை வைத்தே கேட்கிறேன். எந்த பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாம் என்பது போன்ற சட்டக் கேள்வி வந்தால் ஆடிட்டருக்குத்தான் போன். பிரிவு எண்ணெல்லாம் போட்டு அது அடித்துச் சொன்னாலும் சரி, அந்தப் பதிலை வைத்து நான் தாக்கல் செய்வதில்லை.