ஊர் கைகொடுத்துக் கட்டும் வீட்டுக்கு எந்தக் கல்?

கான்ட்ராக்டரிடம் விட்டுக் கட்டும் வீட்டுக்குக் கல் விலையைக் கேட்டுச் சுவரை முடிவு செய்யலாம். குடும்பமே இறங்கி வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கைகொடுக்க வரும் வீட்டில் விலை இரண்டாவது. கொத்தனார் கரண்டியே பிடித்திராத ஒருவர் அந்தக் கல்லைத் தவறாக வைத்துவிட்டால், அதைத் திருத்த எவ்வளவு ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேலம் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிற செங்கல், பிளை ஆஷ் கல் (அனல் மின் நிலையச் சாம்பலில் செய்தது), சாலிட் பிளாக் (குழியில்லாத கான்கிரீட் கல்), அழுத்து மண்கல் (சிமெண்ட் கலந்த மண்ணை இயந்திரத்தில் அழுத்தியது) ஆகிய நான்கையும் இந்த அளவுகோலில்தான் இங்கே நிறுத்திப் பார்க்கிறோம். ஏற்காட்டுக்குக் கணக்கு வேறு; அது கடைசியில்.

கணக்குக்கு எடுத்துக்கொண்டது 360 சதுர அடி வீடு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கொடுப்பது இந்த அளவு வீட்டுக்குத்தான். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்ததாரரிடம் விடக்கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆக, சொந்த உழைப்பைப் போடுவது ஆசைக்காக மட்டும் நடப்பதில்லை. வெளி அளவு 24க்கு 15 அடி, உள்ளே ஒன்றிரண்டு தடுப்புச் சுவர், உயரம் 10 அடி என்று வைத்தால், கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 880 சதுர அடி சுவர் வரும்.

எடை ஒன்றுதான், பிரியும் விதம் வேறு

இந்தச் சுவரை 9 அங்குலச் செங்கல்லில் எழுப்பினால் சேதாரம் உட்பட 8,500 கல் வேண்டும். ஒரு கல் மூன்று கிலோ என்றால் மொத்தம் 25 டன். 6 அங்குல சாலிட் பிளாக் என்றால் (16க்கு 8 அங்குல முகம்) 1,000 கல் போதும். ஆனால் ஒன்று 26 கிலோ. மொத்தம் 26 டன். சுமை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றை மூன்று மூன்று கிலோவாக எல்லோரும் பிரித்துத் தூக்கலாம், மற்றதை வந்த கூட்டத்தில் திடகாத்திரமான ஐந்து பேர்தான் தூக்க முடியும்.

பிளாக் பக்கம் பேசுகிறவர்கள் சிமெண்டைக் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1க்கு 6 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்) செங்கல் கட்டுக்கு 25 மூட்டை சிமெண்ட் போகும். பிளாக் கட்டுக்கு ஏழு மூட்டைக்குள் முடியும். கொத்தனார் கூலியும் குறையும். நாளைக்குச் சுமார் 500 செங்கல் வைக்கிறவர் பிளாக்கில் நூறுக்கு மேல் வைப்பார். அப்படிப் பார்த்தால் 17 நாள் வேலை பத்து நாளில் முடிகிறது.

இந்த லாபம் கொத்தனார் கையில்தான். பழக்கமில்லாதவர் 26 கிலோ கல்லைக் கலவை மேல் இறக்கும்போது அது நூலுக்கு வெளியே அரை அங்குலம் போய்விடும். தட்டித் தள்ளுவார். கலவை ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருக்கும். தள்ளிய கல் அதோடு பிடிப்பை விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் நேராகத்தான் தெரியும். செங்கல்லில் இதே தவறு நடந்தால் கல்லை எடுத்து, பழைய சாந்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு, புதுச் சாந்தில் வைக்க ஒரு நிமிடம் போதும். மார்பு உயரத்துக்கு மேல் பிளாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். விரல் நசுங்குவதும் அந்த உயரத்தில்தான். இதே கல்லை ஹாலோவாக, அதாவது நடுவில் குழியுள்ளதாக எடுத்தால் எடை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும் என்பது உண்மை. ஆனால் மூலையிலும் வாசக்கால் ஓரத்திலும் குழியில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். அது கொத்தனாருக்குத் தனி வேலை.

தண்ணீர் ஊற்றும் ஆர்வம்

உதவிக்கு வருகிறவர்களிடம் முதலில் கொடுப்பது தண்ணீர்க் குழாயைத்தான். எல்லாக் கல்லுக்கும் தண்ணீர் நல்லது என்று நினைப்பதால் கெட்டுப்போகும் சுவர்கள் நிறைய.

செங்கல்லை முந்தைய நாள் மாலையே தொட்டியில் போட்டு, குமிழி வருவது நிற்கும் வரை ஊறவிட வேண்டும். காய்ந்த கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் இணைப்பு பொடியாக நிற்கும். ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறினால் மாவாகக் கொட்டுவது இதனால்தான்.

பிளை ஆஷ் கல்லுக்கு இவ்வளவு ஊறல் வேண்டாம். வைப்பதற்கு முன் மேலாகத் தெளித்தால் போதும். சொட்டச் சொட்ட நனைந்த கல் சாந்தின் மேல் வழுக்கும்.

சாலிட் பிளாக்கை நனைக்கவே கூடாது. சாந்து படும் முகத்தை மட்டும் ஈரத் துணியாலோ பிரஷ்ஷாலோ தொட்டுவிட வேண்டும். நனைந்த பிளாக் சுவரில் ஏறிய பிறகு காயும்போது சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. சனிக்கிழமை மாலை கல்லை நனைத்து வைக்கப் போகும் பிள்ளைகளுக்கு எந்தக் குவியல் என்று காட்டிக் கொடுக்காவிட்டால், செங்கல்லுக்குச் செய்ய வேண்டியதை பிளாக்குக்குச் செய்துவிட்டுப் போவார்கள்.

பிளை ஆஷ்: எங்கள் ஓட்டு இதற்கு

மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்திலேயே இருப்பதால் சேலத்தில் இந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை. எடை செங்கல்லை ஒட்டித்தான். ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரே அளவு. புதிய கைக்கு இது பெரிய உதவி. நாட்டுச் செங்கல்லில் ஒன்று கால் அங்குலம் கூடும், ஒன்று குறையும். எதைக் கீழே கொடுத்து எதை மேலே எடுக்க வேண்டும் என்பது கொத்தனாருக்குக் கண்ணிலேயே தெரியும், புதியவருக்குத் தெரியாது. அளவு ஒன்றாக இருந்தால் நூல் பார்த்து வைத்தாலே வரிசை வந்துவிடும். பூச்சும் அரை அங்குலத்தில் நிற்கும். கோணல் செங்கல் சுவரில் முக்கால் அங்குலத்துக்குப் போகும்.

குறையும் உண்டு. முகம் வழுவழுப்பாக இருப்பதால் பூச்சு பிடிக்காமல் பலகையாகக் கழன்று வரும். கட்டிய அன்றே, சாந்து பச்சையாக இருக்கும்போது, இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி விட்டால் இது வராது. இது உதவிக்கு வருகிறவர்களுக்கென்றே அமைந்த வேலை. ஒரு கம்பித் துண்டும் பொறுமையும் போதும்.

இன்னொன்று கல்லின் வயது. அவசரத்தில் ஒரு வாரக் கல்லை ஏற்றிவிடும் பட்டறைகள் இருக்கின்றன. மூன்று நான்கு வாரம் ஆறிய கல்லா என்று கேளுங்கள். பதிலோடு நிற்காமல் சோதியுங்கள். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் லோடைத் திருப்பி அனுப்பலாம். 20 சதவீதம்தான் எல்லை. நான்கடி உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது, ஆணிக் கீறல் ஆழமாகப் பதியக்கூடாது.

கல் ஒரே அளவு என்பதால் எலிப்பொறிக் கட்டும் இதில் வரும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை: கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் குழி விட்டுக் கட்டுவது. 8,500க்குப் பதில் 6,400 கல்லில் முடியும், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். குத்துக்கல் முதல் ஒரு மணி நேரம் லேசாக இடித்தாலும் சாயும். குழிக்குள் விழும் சாந்து சேமித்த சிமெண்டைத் தின்றுவிடும்.

மண்கல்: கல் இலவசம், சிமெண்ட் இலவசமில்லை

ஆரோவில் வழியாகப் பரவிய கையழுத்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, மனையிலேயே கல் அடிக்கும் யோசனை தொண்டுக் குழுக்களுக்கு மிகவும் பிடிக்கும். காரணம் புரிகிறது. சலிக்க, கலக்க, நிரப்ப, அழுத்த, அடுக்க ஆறேழு பேர் வேண்டும். யாருக்கும் கரண்டிப் பழக்கம் வேண்டாம். தவறாக வந்த கல்லை அப்போதே உதிர்த்து மறுபடி அச்சில் போடலாம். தவறு இவ்வளவு மலிவாகத் திருந்துவது வேறெந்த முறையிலும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 24 சென்டிமீட்டர் சதுரம், 9 சென்டிமீட்டர் உயரக் கல் 3,300 வேண்டும். ஒன்று பத்து கிலோ. நாளைக்கு 550 அடித்தாலும் ஆறு முழு நாள். எடையில் 5 சதவீதம் சிமெண்ட் என்றால் கல்லுக்கு மட்டும் 33 மூட்டை. "மண் வீட்டுக்கு சிமெண்டே வேண்டாம்" என்பவர் இதைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். அடித்த கல்லை இரண்டு நாள் தார்ப்பாயில் மூடி, பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். ஞாயிறு தோறும் அடித்தால் சுவர் ஆரம்பிக்கவே இரண்டரை மாதம். நடுவில் ஐப்பசி மழை வந்தால் மண் சலிக்கவே முடியாது.

மண்ணும் ஒத்துவர வேண்டும். மேல் மண்ணை இரண்டடி தள்ளிவிட்டு அடி மண்ணை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணலும் களியும் தனித்தனி அடுக்காகப் படியும். பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி என்றால் அருமை. கரிசல் என்றால் வேறு கல்லைப் பாருங்கள்.

யார் எதைத் தொடலாம்

1976இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரில் ஆரம்பித்த ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி, குடும்பத்தின் உழைப்பு நேரத்தையே அவர்கள் பங்காக எண்ணும் முறையை உலகறியச் செய்தது. அங்கே பெரும்பாலும் மரச் சட்ட வீடு, ஆணி அடித்து நிறுத்துவது. நம் ஊர் ஈர வேலையில் அப்படி எல்லாரும் எல்லாவற்றிலும் இறங்க முடியாது.

மூலைகளை வாரநாளில் கொத்தனார் எழுப்பி, தூக்குக்குண்டு பார்த்து வைத்துவிட வேண்டும். ஞாயிறன்று இரண்டு மூலைக்கும் நூல் கட்டி, நடுவில் நிரப்ப மட்டும் மற்றவர்களை விடலாம். ஐந்து பேருக்கு ஒரு கொத்தனார். அதற்கு மேல் போனால் அவரால் பார்க்க முடியாது. அதாவது கொத்தனாருக்கு ஞாயிறு சம்பளம் உண்டு. இதைச் சேர்க்காமல் போடும் பட்ஜெட்தான் பாதியில் இடிக்கும். ஒரு நாளில் நாலு, நாலரை அடிக்கு மேல் சுவர் ஏற்றக்கூடாது. சாரம் கட்டும் உயரம் வந்ததும் புதியவர்கள் கீழே நின்று கல் எடுத்துக் கொடுப்பதோடு சரி. கம்பி கட்டுவது, சென்ட்ரிங், வயரிங் மூன்றும் அவர்கள் பக்கம் வரவே வேண்டாம்.

தளம் போடும் நாள் மட்டும் விதிவிலக்கு. அன்று எத்தனை பேர் வந்தாலும் வேலை இருக்கிறது. 300 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 125 கன அடி கான்கிரீட்: 28 மூட்டை சிமெண்ட், அரை யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்று மேல் எம்-சாண்ட், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் முக்கால் அங்குல ஜல்லி. ரெடிமிக்ஸ் லாரிக்கு இது அரை லோடுதான், சந்துக்குள்ளும் வராது. மிக்சர் வைத்து, இருபது பேர் வரிசையாகச் சட்டி மாற்றினால் மதியத்துக்குள் முடியும். இரண்டு இடத்தில் கெடும். ஒன்று, கலவை தளர்வாக இருந்தால் சட்டி வாங்குவது சுலபம் என்று வரிசையிலிருந்து "தண்ணி கொஞ்சம் ஊத்துங்க" என்ற குரல் வரும். மூட்டைக்கு 25 லிட்டர்தான், வாளி ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். இரண்டு, சன்ஷேடு மேல்கம்பியை மிதித்து நடப்பார்கள். அது கீழே அமுங்கினால் பலகை பிரித்த பிறகு சுவரை ஒட்டி வெடிக்கும். நடக்கப் பலகை போட்டு வையுங்கள். கை முழுக்க ரப்பர் உறை கட்டாயம். சிமெண்ட் புண் ஆற வாரக்கணக்காகும்.

ஏற்காட்டில்

மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கல் வருவதோடு வேலை முடியாது. ரோட்டிலிருந்து மனைக்குப் படியேறுவதுதான் பாதி வேலை. தலைக்கு 25 கிலோ என்றால் செங்கல்லும் சாலிட் பிளாக்கும் சுமார் ஆயிரம் நடை. 6 அங்குல ஏஏசி கல் (காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) 660 போதும். ஒன்று 12 கிலோ, மொத்தம் எட்டு டன், 330 நடை. ரம்பத்தால் அறுக்கலாம், பசையால் ஒட்டலாம், முதல் வரிசையைக் கொத்தனார் மட்டம் பார்த்துக் கொடுத்தால் மீதி சுலபம். ஆனால் தளத்தின் சுமையை இதன் மேல் ஏற்றக்கூடாது, பில்லர் போட வேண்டும். கம்பிக்கும் அஸ்திவாரத்துக்கும் ஆகும் செலவு அங்கே கூடும். போதாததற்கு இது தண்ணீரை உறிஞ்சும் கல். இரண்டு மழைக்காலமும் பனிமூட்டமும் உள்ள ஊரில் வெளிப்பூச்சும் நீர்க்காப்புப் பூச்சும் ஒரு பருவம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. ரோடு பக்கத்திலேயே மனை இருந்தால் பிளை ஆஷ், நூறடிக்கு மேல் ஏற வேண்டுமென்றால் ஏஏசி. மனை வெட்டிய மண்ணில் கல் அடிக்கலாமே என்பார்கள்; காபித் தோட்டத்து மேல் மண்ணில் மக்கு அதிகம், அடி மண்தான் ஆகும். சரிவில் வெட்டி நிரப்பிய பக்கத்தில் அஸ்திவாரத்தை நிறுத்தாதீர்கள்; வெட்டிய பக்கத்துக் கெட்டி நிலம் வரை படிப்படியாக இறக்குங்கள்.

அங்கே சிமெண்டை மொத்தமாக ஏற்றி வைப்பதும் வீண். தரையிலிருந்து முக்கால் அடி உயரப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினாலும் பனியில் கட்டி தட்டும். விரலால் நசுக்கி மாவாகிற கட்டி பரவாயில்லை. சுத்தியல் தேடினால் அந்த மூட்டை சுவருக்கு ஆகாது. வார வேலைக்கு எத்தனை மூட்டையோ அதை மட்டும் சனிக்கிழமை ஏற்றிக்கொள்ளுங்கள்.